சிவப்பு இல்லாத வரைபடம்

நடராஜாவின் கணினியில் அந்தப் பக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. மேலே ஒரு குத்துவிளக்கு. கீழே, பெயருக்கும் ஊருக்கும் இடம் விட்டு, "பிறப்பிடமாகவும்", "வதிவிடமாகவும் கொண்ட அமரர்" என்று ஒரு வாழ்க்கை வரலாறு. கண்டி மஹய்யாவவில் அவருடைய அச்சகத்துக்கு நினைவு மலர் அடிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே வரலாறுதான்.

"பேரையும் ஊரையும் மாத்தினா போதும் அக்கா," என்றார் நடராஜா. "மத்ததெல்லாம் எல்லாருக்கும் பொருந்தும்."

பிரியாந்தினி திரையை வாசித்தாள். சாந்தமான சுபாவம். ஈகைக் குணம். ஊர் போற்றும் பாடசாலை அதிபர்.

"அப்பா அதிபர் இல்லை."

"அது போன வாரத்து ஐயா. எடுத்துருவோம். உங்க அப்பா என்னவா இருந்தாரு?"

"பார்சல் கிளார்க். கண்டி ஸ்ரேஷனில."

"தலைமை எழுதுவினைஞர்னு போட்டுக்கலாமா? படிக்கிறப்ப நல்லா இருக்கும்."

"இல்லை. நான் எழுதிக்கொண்டு வாறன்."

நடராஜா அவளை ஒருமுறை பார்த்தார். தாங்களே எழுதிக்கொண்டு வருகிறோம் என்று போனவர்கள் கடைசி நாளில் வெறுங்கையோடு வந்து, பழைய பக்கத்தையே போடச் சொன்னதை அவர் நிறையக் கண்டிருப்பார். "வியாழக்கிழமைக்குள்ள குடுத்துருங்க," என்றார். "பின்னட்டை சும்மாதான் கெடக்கு. ஏதாச்சும் படம் இருந்தா அதுக்கும் சேத்துக் குடுங்க."

செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தனுப்புவது யாழ்ப்பாணத்தார் வழக்கம். முன்னால் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், நடுவில் வரலாறு. பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். சிலர் சாப்பாடு வரும்வரை வரலாற்றை வாசிப்பார்கள். பிரியாந்தினியின் குண்டசாலை வீட்டிலும் அலுமாரியின் மேல் அப்படி ஒரு கட்டு இருந்தது. அதில் அம்மாவுடையதும் ஒன்று. அதை அப்பா தனியாக எடுத்து வைத்ததில்லை. மற்றவற்றோடுதான் இருந்தது.

பிரியாந்தினிக்கு எழுதத் தெரியும். ஆனால் அவள் எழுதிப் பழகியது ஆய்வுக் கட்டுரை. அதில் அளக்காத எதையும் சொல்லக்கூடாது. அன்று பின்னேரம் உட்கார்ந்து அளந்ததை எழுதினாள். இராஜரத்தினம் மட்டுவிலில் பிறந்தார். சாவகச்சேரியில் படித்தார். நாவலப்பிட்டியில், ரயிலின் பின்பெட்டியில் நின்று சமிக்ஞை பார்க்கும் கார்ட் வேலைக்குப் பயிலுனராகச் சேர்ந்தார். கண்டியில் பார்சல் கிளார்க் ஆனார். திருமணம். இரண்டு பெண் பிள்ளைகள். ஓய்வு. மனைவியின் மறைவு. பக்கவாதம். ஆஸ்பத்திரி. அரைப் பக்கம்கூட வரவில்லை.

அதிலும் ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே ஒட்டவில்லை. கார்ட் வேலைக்குத் தெரிவான ஒருவர் சில மாதங்களில் ஏன் கிளார்க் ஆனார்? சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறாள். "அது சரிவரேல்லை பிள்ளை," என்பார். அதற்கு மேல் போகமாட்டார். அவளும் போகவில்லை. அப்பாவின் வேலையை அவள் அப்போது பெரிதாக நினைத்ததில்லை.

நாவலப்பிட்டியில் ஃபாஸில் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, கார்டாகவே ஓய்வு பெற்றவர். செத்த வீட்டுக்கு வந்து மூலையில் ஒரு கதிரையில் இருந்துவிட்டுப் போனவர்.

"ஃபோன்ல செல்ற கதையில்ல மகள்," என்றார் அவர். "நாளைக்கி வாறன்."

*

அதே நாளில் ஒரு கடிதமும் வந்திருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பிக்கும் பிரியாந்தினி, மிச்ச நேரத்தில் விண்மீன் திரள்களின் ஒளியை ஆராய்கிறாள். சிலியில் ஒரு மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கி எடுத்த தரவுகள், யாரும் எடுக்கலாம் என்று திறந்து விடப்பட்டவை. சாதாரணப் படத்தில் ஒரு புள்ளி எவ்வளவு பிரகாசம் என்பது மட்டும்தான் இருக்கும். இதில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து விரித்து வைக்கப்பட்டிருக்கும். புது விண்மீன்கள் பிறக்கும் இடத்தில் ஹைட்ரஜன் வாயு சூடேறி, குறிப்பிட்ட ஒரு சிவப்பில் ஒளிவிடும். விரித்த ஒளியில் அந்த இடத்தில் ஒரு கூர் எழும்பி நிற்கும். புள்ளி புள்ளியாக அந்தக் கூரின் உயரத்தை அளந்து வந்தால், ஒரு திரளில் எங்கே விண்மீன்கள் பிறக்கின்றன, எங்கே பிறந்து ஓய்ந்துவிட்டன என்று வரைபடம் போடலாம். அவள் போட்ட வரைபடத்தில் பிறக்கும் இடம் சிவப்பு. பழைய விண்மீன்கள் பச்சை. திரளின் நடுவைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். கட்டுரையே அந்த வளையத்தைப் பற்றியதுதான்.

கட்டுரையைப் பரிசீலித்தவர் நல்லதாகவே எழுதியிருந்தார். கடைசியில் ஒரு குறிப்பு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத வாசகர்களுக்கு இந்த வரைபடம் விளங்காது, நிறங்களை மாற்றவும்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, உலகத்தில் யாரோ ஒருவருக்கு நிறம் பிடிக்கவில்லையாம். கடிதத்தை மூடினாள்.

அந்த வரைபடத்தை முதலில் பார்த்தவர் அப்பாதான். போன வருடம், மடிக்கணினியை மேசையில் வைத்து அவள் ஒரு பின்னேரம் முழுக்க விளக்கினாள். அவர் வெள்ளைச் சேர்ட்டோடு பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வளையம் தெரியுதே அப்பா?"

"ஓம் ஓம். வடிவாயிருக்கு."

"இது ஹைட்ரஜன். சிவப்பு."

"சிவப்பெண்டு உங்களுக்கு என்னெண்டு தெரியும்? உவ்வளவு தூரத்தில?"

"கருவிக்கு நிறம் தெரியாதப்பா. அது அலைநீளத்தை நம்பராத்தான் அளக்கும். நிறம் பிறகு நாங்கள் போடுறது."

"நீங்கள் போடுறதோ?"

"ஓம்."

அப்பா சிரித்தார். சும்மா ஒரு சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். "அப்ப எல்லாருக்கும் ஒண்டுதான்," என்றார். என்ன ஒன்று என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கு வயது போய்விட்டது என்று நினைத்தாள்.

பிறகு திரையில் விரலை வைத்தார். "இந்தப் பொட்டுப் பொட்டு ஓட்டையள் என்ன?"

"அந்த இடங்களில ஒளி காணாது. அளந்ததை நம்பேலாது. தெரியாத இடத்தில நிறம் போடக்கூடாதப்பா. வெறுமையா விட்டிடுறது."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நல்ல பழக்கம்," என்றார்.

*

ஃபாஸில் மாமா காலை பஸ்ஸில் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிளேன்ரீயில் சீனி காணாது என்று றஜிதாவிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். றஜிதா இளையவள். கண்டியில் வங்கியில் வேலை. அன்று லீவு எடுத்திருந்தாள்.

"ஒங்கட அப்பாக்கு சிவப்பும் பச்சையும் வெளங்காது," என்றார் ஃபாஸில் மாமா. "பிறவியில. ஒங்களுக்குத் தெரியாதா?"

றஜிதா சீனிப் போத்தலை மூடாமல் நின்றாள்.

"தெரியாது போல," என்று அவரே சொல்லிக்கொண்டார். "வேலைக்கி எடுக்கிறதுக்கு முன்ன கண் பரீச்சை ஒண்டு ஈக்கி. புள்ளிப் புள்ளியா ஒரு புத்தகம். புள்ளிக்குள்ள நம்பர் ஒளிஞ்சீக்கும். நான் முதல்ல போன. வெளிய வந்து நம்பரெல்லாம் வரிசையாச் செல்லிக் குடுத்த. அவர்ட மூளை தெரியுந்தானே, ஒருக்காக் கேட்டாப் போதும்."

"அப்பா கேட்டவரோ சொல்லித் தரச் சொல்லி?" என்றாள் பிரியாந்தினி.

"கேக்கல்ல. ஆனா அதுக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் தக்காளி வாங்கப் போன. பச்சக் காயைத் தூக்கிக் காட்டி 'நல்ல பழம் ஃபாஸில்' எண்டாரு. எனக்கி அண்டைக்கே வெளங்கிட்டு."

றஜிதா அக்காவைப் பார்த்தாள். சந்தையில் அப்பா தக்காளியை விரலால் அமத்தி அமத்திப் பார்ப்பதும், கடைக்காரன் சத்தம் போடுவதும், தாங்கள் வெட்கப்பட்டுத் தள்ளி நிற்பதும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தன.

"புத்தகம் முடிஞ்சா லாம்புப் பரீச்சை. இருட்டறையில வெளக்கைக் காட்டி நெறம் கேப்பாங்க. நான் கதவுக்கிட்ட நிண்ட. ஒரு இருமல் சிவப்பு. ரெண்டு இருமல் பச்சை. எப்பிடி இருமின தெரியுமா மகள்? டொக்டர் எனக்கிப் பாவம் பாத்து மருந்தும் எழுதித் தந்தாரு!"

றஜிதா சிரித்துவிட்டாள். செத்த வீட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

"ரெண்டு பேரும் பாஸ். பகல்ல ஒரு கரச்சலும் இல்ல. கைகாட்டிட கை நேரா நிண்டா நிப்பாட்டு, எறங்கினாப் போ. நெறம் தேவல்ல. ராவைக்கித்தான் வெளக்கு மட்டும். ராவைக்கி ஓடுற ரயில், அந்த ராக் கோச்சியில முதல் தரம் அவரைப் போட்டாங்க. நான் அதில இல்ல. கூடப் போன பழைய கார்ட் ஒரு சிங்கள மாத்தயா, சும்மா பழக்கிறதுக்குக் கேட்டீக்காரு, 'மொன பாட்டத, புத்தா?' என்ன நெறம் மகன் எண்டு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பச்சை எண்டு சென்னா முடிஞ்சி. ரெண்டுல ஒண்டு தானே, பாதிக்குப் பாதி சரியா ஈக்கும். ஒங்கட அப்பா பொட்டிக்குள்ள திரும்பிப் பாத்தீக்காரு. சனமெல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சி தூக்கம். திரும்பி, 'தெரியாது சேர்' எண்டு செல்லிட்டாரு."

"விளக்கு என்ன நிறம்?" என்றாள் றஜிதா.

"பச்சைதான். கோச்சி நிக்கவும் இல்ல."

மறுநாள் இராஜரத்தினம் தானாகவே போய் எழுதிக் கொடுத்தார். தனக்கு இரவில் விளக்கின் நிறம் தெரியவில்லை, வேறு வேலை தரவும். இருமலைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் ஃபாஸிலின் வேலையும் போயிருக்கும். பார்சல் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாம் எழுத்து. எழுத்துக்கு நிறம் தேவையில்லை.

"நான் எவ்வளவோ நாள் அவரோட பேசல்ல மகள்," என்றார் ஃபாஸில் மாமா. "என்ட இருமலெல்லாம் வீணாப் போச்சே எண்டு. பொறகு நான் கார்டா எத்தினையோ ராப் போன. ஒவ்வொரு வெளக்கையும் ரெண்டு தரம் பாத்த. அது அவரால."

போகும்போது வாசலில் பிரியாந்தினி கேட்டாள். "சிவப்பு அப்பாக்கு எப்பிடித் தெரியும் எண்டு சொன்னவரே?"

"பச்சை மங்கின மஞ்சளாம். சிவப்பு தூரத்தில ஈந்தா, சில நேரம் வெளக்கே எரியாத மாதிரியாம்."

*

அவர் போன பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். பரிசீலித்தவரின் குறிப்புக்கு எப்படியும் பதில் எழுத வேண்டும். ஒரு படத்தை, நிறம் பிரியாத கண்கள் எப்படிக் காணும் என்று காட்டும் நிரல்கள் இருக்கின்றன. பார்வைக் குறைபாட்டின் வகையைத் தெரிவுசெய்யச் சொல்லும். பச்சை மங்கின மஞ்சள், சிவப்பு இருட்டு. ஃபாஸில் மாமா சொன்னதை வைத்து எந்த வகை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிவுசெய்தாள். அழுத்தினாள்.

வளையம் இல்லை.

பச்சை இருந்த இடமெல்லாம் மங்கின மஞ்சள். சிவப்பு இருந்த இடமெல்லாம் கறுப்போடு கறுப்பாகப் போயிருந்தது. ஹைட்ரஜனின் அந்தச் சிவப்பு, மனிதக் கண் காணக்கூடிய சிவப்பின் ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவின் கண் தவறவிட்டது சரியாக அந்தப் பக்கத்தைத்தான். உலகத்தில் எத்தனையோ ஒளி இருக்க, அவள் தன் படிப்பையும் உத்தியோகத்தையும் கட்டியது அப்பாவுக்குக் கிட்டத்தட்ட இருட்டாக இருந்த ஒன்றின் மேல்.

ஒரு பின்னேரம் முழுக்க அவள் இல்லாத வளையத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் ஓம் ஓம் என்றிருக்கிறார். ரயிலில் சொன்ன "தெரியாது" என்ற சொல்லை மகளிடம் சொல்லவில்லை. இதில் யாரும் சாகப் போவதில்லை. மகளின் முகம்தான் வாடும்.

வெள்ளைச் சேர்ட்டுகள். சாம்பல் காற்சட்டைகள். எளிமையான மனிசன் என்று சனம் சொன்னது. அம்மா இருந்தவரை காலையில் உடுப்பு எடுத்து வைத்தது அம்மா.

நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது ஒன்று நினைவு வந்து, அப்பாவின் அலுமாரியைத் திறந்தாள்.

கதவின் உட்பக்கத்தில் அது இருந்தது. நாலு மூலையிலும் டேப் ஒட்டிய ஒரு தாள். பேராதனைக் கம்பஸில் நிற மை தீர்ந்திருந்த ஒரு நாள் அச்செடுத்தது. ஹைட்ரஜன் மட்டும், கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக. அதை மேசையில் கண்டுவிட்டு அப்பா எடுக்கட்டுமா என்று கேட்டார். "உது குப்பையப்பா, கலரில ஒண்டு அடிச்சுத் தாறன்," என்று அவள் சொன்னாள். "இதே போதும் பிள்ளை," என்றார். அவர் அதன் மேல் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது அவளுக்கு இப்போது தெளிவாக நினைவிருந்தது. விரல் வளையத்தை விட்டு எங்கும் விலகவில்லை.

ஒருமுறை பார்த்திருக்கிறார்.

*

புதன்கிழமை எழுதி முடித்தாள். மாமிக்கும் றஜிதாவுக்கும் வாசித்துக் காட்டினாள். கஜலட்சுமி மாமி அப்பாவின் தங்கை. செத்த வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், அந்தியேட்டி முடியும்வரை நிற்கிறார். குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டார். அப்பாவின் கண்ணைப் பற்றிய இடம் வந்ததும் கத்தியை வைத்தார்.

"அதை எடு."

"ஏன் மாமி?"

"ஏனோ? றஜிதாவுக்குப் பேசின கனடாப் பெடியன்ரை பகுதி அவளின்ரை சாதகத்தில செவ்வாயைக் கிண்டிக் கிண்டிப் பார்த்து இப்பத்தான் ஓய்ஞ்சிருக்கினம். இனிக் கண்ணையும் கிண்டட்டோ? பரம்பரை வருத்தமெண்டு அச்சடிச்சுச் சனத்தின்ரை கையில குடுக்கப் போறியே?"

"வருத்தமில்லை மாமி. ஒரு குறைபாடு."

"குறைபாடெண்டால் இன்னும் வடிவு!"

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

மாமி வெங்காயத்தைப் பார்த்தார். "எங்கட அம்மாவின்ரை தம்பிக்கும் இருந்தது. அண்ணைக்கும் இருந்தது. கலியாணம் பேசேக்க ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. உன்ரை கொம்மாவுக்கே பிறகுதான் தெரியும். தீபாவளிக்கு அரக்குச் சேலை வேணுமெண்டு கேட்டவ. மனிசன் கொழும்புக்குப் போய்ப் பச்சை வாங்கிக்கொண்டு வந்து நீட்டினது."

"அம்மா என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. கட்டினா."

மாமி வெங்காயத் தோல்களைக் கூட்டி ஒதுக்கினார்.

"மாமி," என்றாள் பிரியாந்தினி, "இது அப்பாவிட்டை இருந்து மகனுக்குப் போகாது. மகளுக்குத்தான் போகும். போனாலும் அவளுக்குத் தெரியாது, அவளின்ரை கண் நல்லாத்தான் இருக்கும். என்னட்டையும் இருக்கு, றஜிதாவிட்டையும் இருக்கு. எங்களுக்குப் பொடியன் பிறந்தால் வரலாம், வராமலும் விடலாம்."

"பாதிக்குப் பாதி," என்றாள் றஜிதா.

"ஓம்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்! மூடிக்கொண்டிரு எண்டு!" மாமியின் குரல் உடைந்தது. "நான் உங்களுக்குக் கெடுதலுக்கே சொல்லுறன்? அண்ணை எவ்வளவு காலம் பொத்திப் பொத்தி வைச்சவர். ஆருக்காக? உங்கள் ரெண்டு பேருக்காகவும்தானே. அவர் போய் ஒரு மாதமாகேல்லை, நீ வெளிய போடுறாய்."

பிரியாந்தினி கையிலிருந்த தாள்களை மடித்தாள். மாமி சொன்னது உண்மை. அப்பா மறைத்தார். ஆனால் அதை எடுத்தால் ரயிலும் போய்விடும். தூங்கும் சனமும், "தெரியாது சேர்" என்ற சொல்லும் போய்விடும். அவர் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். குறையைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லை. மிஞ்சுவது நடராஜாவின் கணினியில் இருக்கும் பக்கம். சாந்தமான சுபாவம், ஈகைக் குணம்.

"எடுத்துவிடுறன்," என்றாள் கடைசியில். கலியாணம் றஜிதாவுடையது. தனக்கு அதில் கை வைக்க உரிமை இல்லை என்று பட்டது.

"ஒருக்காப் பொறு," என்றாள் றஜிதா.

அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள். நின்ற நிலையில் தட்டினாள். மாமி எட்டிப் பார்க்கப் பார்க்க, விரல் நிற்கவில்லை.

"ஆருக்கடி?"

"அவருக்குத்தான். அப்பாக்கு இப்பிடி இருந்தது, எனக்கும் வந்திருக்கு, பிள்ளையளுக்கு வரலாம், நாளைக்கு அச்சுக்குப் போகுது. அவ்வளவுதான்."

"ஐயோ, அனுப்பிப்போட்டியே!"

"அனுப்பியாச்சு." தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "கோச்சியில இருந்த சனத்துக்காக அப்பா உண்மையைச் சொன்னவர் மாமி. அவையள் ஆரெண்டும் அவருக்குத் தெரியாது. நான் கட்டப் போறவனுக்குச் சொல்லாமல் விடுறதே?"

மாமி மீண்டும் கத்தியை எடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயத்தின் மேல் பழி போட்டார்.

செய்தி வாசிக்கப்பட்டுவிட்டது என்று இரவு தொலைபேசி காட்டியது. பதில் இல்லை.

*

வியாழக்கிழமை நடராஜா தாள்களை வாசித்தார். உதடு அசைய, நின்று நின்று வாசித்தார். பிறகு திரையில் இருந்த பழைய பக்கத்தை மூடினார்.

"பின்னட்டைக்குப் படம்?"

பிரியாந்தினி கொடுத்தாள். நிறம் மாற்றிய வரைபடம். பழைய விண்மீன்கள் கடும் நீலம். விண்மீன் பிறக்கும் இடங்கள் மஞ்சள். முந்தின நாள்தான் அதை அந்த நிரலில் போட்டு அழுத்திப் பார்த்திருந்தாள். வளையம் அசையாமல் நின்றது. அளக்க முடியாத புள்ளிகள் இதிலும் வெறுமையாகவே இருந்தன. கட்டுரைக்கும் இதையே அனுப்பியிருந்தாள், பரிசீலித்தவருக்கு நன்றி ஒன்று சேர்த்து.

"பூவாக்கா?"

"விண்மீன் திரள்."

"கொஞ்சம் செவப்பு தூக்கிவிட்டா எடுப்பா இருக்குமே."

"வேண்டாம்."

அந்தியேட்டிக் கிரியைகள் மகாவலிக் கரையில் விடியவே முடிந்தன. மதியம் குண்டசாலை வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டுப் பந்தி வைத்தார்கள். மாமி கைப்பட ஒவ்வொருவருக்கும் புத்தகத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் ஒருவரையும் விடவில்லை. சனம் படத்தைப் பார்த்தது. சிலர் வாசித்தார்கள். பார்சல் பகுதியில் வேலை செய்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி ஒரு வரியைக் காட்டினார்.

அந்த வரி இப்படி இருந்தது: "சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்குப் பிறவியிலேயே பிரிந்து தெரியவில்லை. முதல் இரவு வண்டியில் விளக்கின் நிறம் தெரியாது என்று தானே சொல்லி, கார்ட் வேலையை விட்டார். வண்டியில் ஆட்கள் இருந்தார்கள்."

கனடாவிலிருந்து அன்றும் பதில் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் மாமி அதை மெதுவாக விசாரித்தார். "தெரியாதெண்டு சொல்லவும் அப்பா மாதிரி ஒரு ஆள் வேணும் மாமி," என்று மட்டும் றஜிதா சொன்னாள். முகம் வாடித்தான் இருந்தது. பாயசத்தை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போனாள்.

ஃபாஸில் மாமா வாழையிலைக்கு முன்னால் புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"இதில எது மகள் சிவப்பு?"

"சிவப்பே இல்லை மாமா," என்றாள் பிரியாந்தினி. "இது அப்பாவுக்குத் தெரியிற மாதிரி."

அவர் வளையத்தின் மேல் விரலை வைத்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். தலையைக் குனிந்து இருமினார். பிறகு இன்னொருமுறை.

றஜிதா பாயச வாளியோடு அவருக்கு முன்னால் நின்றாள்.

"ரெண்டு," என்றாள். "பச்சை."

அவர் கோப்பையை நீட்டினார்.